கருவக்காட்டில் வெளிச்சம் இல்லை

தாராளமாக உட்காருங்கள் சார். அந்தப் பையை மட்டும் மேலே வைக்காதீர்கள். இந்தப் பஸ்ஸில் மேலே வைத்தது எதுவும் மேலேயே இருக்காது. மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அப்படித்தான்.

வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தண்ணீர் பாட்டிலை ஒவ்வொரு வாய்க்கும் மூடிமூடி வைக்கிறீர்களே, அதில்தான். சிங்கப்பூரா? இருபது வருசத்துக்கு மேலேயா! அப்படியென்றால் நான் சொல்வது உங்களுக்குத்தான் புரியும். அங்கே தெருவில் எச்சில் துப்பினாலே அபராதமாமே? என் சித்தப்பா மகன் போய்விட்டு வந்து சொன்னான். அதுதான் சார் ஆட்சி. சனம் பயப்பட வேண்டும். பயந்தால்தான் ஊர் சுத்தமாக இருக்கும். இங்கே யார் பயப்படுகிறார்கள்?

என் பெயர் சேதுராசு. சிறுகனேந்தல் ஊராட்சித் தலைவர். அதாவது, தலைவர் என் மனைவி முத்திருளாயி. போன தேர்தலில் எங்கள் ஊரைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அதனால் அவள் பெயரில் நின்றேன். ஜெயித்தேன். போஸ்டரில் அவள் படமும் உண்டு, சின்னதாக. ஊரில் எல்லாரும் என்னைத்தான் தலைவரே என்று கூப்பிடுவார்கள். கையெழுத்துகூட அவளைவிட நான் நன்றாகப் போடுவேன், அவள் கையெழுத்தைத்தான் சொல்கிறேன். அவள் போட்டால் பேங்கில் திருப்பி அனுப்பிவிடுவான். சிரிக்காதீர்கள் சார், உண்மை.

இப்போது அவளைக் கூட்டி வரத்தான் போகிறேன். வேப்பங்கண்மாய்க்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி நடந்தால் அவள் அம்மா வீடு. கோபித்துக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாள். வேறு சமயமாக இருந்தால் நாலு நாள் கழித்துத் தானாக வருவாள் என்று விட்டிருப்பேன். நாளைக் காலையில் டெல்லியில் இருந்து குழு வருகிறது. தூய ஊராட்சி விருதுக்கு. மாவட்டத்திலேயே எங்கள் ஊர்தான் முன்னால் நிற்கிறது. இந்தக் குழு என்னிடம் எதுவும் கேட்காதாம், பெண் தலைவரிடம்தான் நேராகக் கேட்குமாம். உங்கள் ஊரில் யாராவது வெளிக்குப் போகக் காட்டுக்குப் போகிறார்களா என்று. இல்லை என்று அவள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் சார் இந்த வெயிலில் பஸ் ஏறியிருக்கிறேன்.

எதற்குக் கோபம் என்று கேட்க மாட்டீர்களா? நீங்கள் கேட்க மாட்டீர்கள், படித்தவர். நானே சொல்கிறேன்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டியாகிவிட்டது. சர்க்கார் திட்டம். கட்டியது என் பங்காளி ஒருவன்தான், வெளியாளுக்குக் கொடுத்தால் ஏமாற்றிவிடுவான் பாருங்கள். குழி கொஞ்சம் ஆழம் குறைவு என்று குறை சொன்னார்கள். கீழே பாறை, அவன் என்ன செய்வான்? வெளியே ரோஸ் கலர் பெயிண்ட், கதவில் வீட்டுக்காரர் பெயர், எல்லாம் லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் ஒருத்தரும் உள்ளே போக மாட்டேன் என்கிறார்கள். விறகு அடுக்கினார்கள். ஆட்டுக்குட்டி கட்டினார்கள். ஒரு வீட்டில் கோழி அடைகாத்தது. ஏன் என்று கேட்டால் தண்ணீர் இல்லையாம்.

தண்ணீர் இல்லை என்பது உண்மைதான். எங்கள் பக்கம் குழாயில் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் உண்டு. மற்ற நாளெல்லாம் ஊருணிக்குப் போய்த்தான் எடுக்க வேண்டும். நடை கொஞ்சம் தூரம். முத்திருளாயி ஆரம்பத்தில் இருந்தே இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"முதல்ல தண்ணிக்கு வழி பண்ணுங்க. கக்கூஸ் தன்னால நடக்கும்."

"தண்ணிக்கு இந்த வருசம் திட்டம் இல்லடி. கக்கூஸுக்குத்தான் திட்டம் வந்திருக்கு."

"அப்போ திட்டத்துக்கு வெளிக்கு வந்தா திட்டமே போகட்டும். எங்களை ஏன் போகச் சொல்றீக?"

இப்படிப் பேசுவாள் சார். அவளிடம் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஆளுக்கு ஒரு குடம் கூடுதலாகத் தூக்கினால் முடிந்தது, அதிலென்ன கஷ்டம் என்று. "நீங்க ஒரு நாளு தூக்கிப் பாருங்க" என்றாள். ஆம்பளை குடம் தூக்கினால் ஊர் என்ன சொல்லும்?

அவளுக்குத் தண்ணீர்க் கஷ்டமே கிடையாது என்பதுதான் இதில் வேடிக்கை. எங்கள் வீட்டில் போர் போட்டிருக்கிறேன். மோட்டார் இருக்கிறது. டைல்ஸ் ஒட்டிக் கட்டியிருக்கிறேன் சார், பளபளவென்று இருக்கும். அதில் நான் மட்டும்தான் போகிறேன். அவள் விடியுமுன்னே எழுந்து மற்ற பொம்பளைகளோடு கருவக்காட்டுக்குப் போய்விடுவாள்.

உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதனால் சொல்கிறேன். எங்கள் பக்கம் பொம்பளைகள் தனியாகப் போக மாட்டார்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்துதான் போவார்கள். முன்னால் ஒருத்தி டார்ச் அடித்துக்கொண்டு போவாள். பின்னால் வருகிறவர்கள் காலைத் தொம்தொம் என்று வைத்து, சத்தமாகப் பேசிக்கொண்டு, சிரித்துக்கொண்டு போவார்கள். ஊர்ப் பேச்சு முழுக்க அங்கேதான். யார் வீட்டில் ரேஷன் அரிசி வரவில்லை, யாருக்கு முதியோர் பென்ஷன் நின்றுவிட்டது, எந்தத் தெருவில் லைட் எரியவில்லை, எவன் குடித்துவிட்டு அடிக்கிறான். எல்லாம் இவளிடம் அங்கே வைத்துச் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் அடுக்குவாள்.

"நம்ம வீட்டுலதான் டைல்ஸ் போட்டிருக்கே, பெறகு எதுக்குடி அங்க போறே?" என்று கேட்டால், "நான் தலைவிங்க. சனம் எங்கே இருக்கோ அங்கதானே போகணும்" என்பாள்.

கௌரவம் போகிறது சார். தலைவர் வீட்டுப் பெண் கருவக்காட்டில்!

அதிகாரி ஒருவர் இருக்கிறார், பெயர் வேண்டாம், நல்ல மனுசன். அவர்தான் யோசனை சொன்னார். "தலைவரே, சொல்லிப் பார்த்தாச்சு. இனி வெக்கப்பட வைக்கணும்" என்றார். கண்காணிப்புக் குழு அமைத்தோம். மஞ்சள் தொப்பி, ஆளுக்கொரு விசில். விடியுமுன்னே போய்க் கருவக்காட்டு வரப்பில் நிற்போம். வெளிச்சம் தெரிகிறதா, பேச்சுச் சத்தம் கேட்கிறதா, விசில் ஊதுவோம். உட்கார்ந்தவர்கள் விழுந்தடித்து எழுந்து நிற்பார்கள். மரியாதைக் குறைவாக எதுவும் நடக்கவில்லை, நீங்கள் தப்பாக நினைக்காதீர்கள். பொம்பளைகள் என்றால் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டுதான் ஊதினோம்.

ஒரு நாள் அவர்களுக்குள் என் மனைவியும் இருந்தாள். என் விசிலுக்குத்தான் எழுந்து நின்றாள். குழுவில் இருந்தவன் ஒருத்தன், "அண்ணே, நம்ம தலைவிண்ணே" என்று காதில் சொன்னான். நான் விடவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று இன்னொரு தடவை ஊதினேன். அதிகாரி கேள்விப்பட்டு, உங்களை மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தால் போதும் என்றார்.

அப்புறம் தண்டோரா போட்டோம். மறுபடி வெளியே போனது தெரிந்தால் அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் கிடையாது என்று. நிறுத்தவில்லை சார், நிறுத்த எனக்கு ஏது அதிகாரம்? சும்மா ஒரு பயம். நீங்கள் இருந்த ஊரில் அபராதம், எங்கள் ஊரில் ரேஷன்.

பலன் கைமேல் தெரிந்தது. கொஞ்ச நாளில் ஒரு டார்ச் வெளிச்சம் இல்லை, ஒரு பேச்சுக்குரல் இல்லை. கருவக்காடு கும்மென்று இருட்டாகக் கிடந்தது. அதை போட்டோ எடுத்து அதிகாரிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இருட்டை எடுத்தால் என்ன வரும், வெறும் கறுப்பாக வந்தது. அதற்கும் கட்டைவிரல் போட்டார்கள். மேலே இருக்கிற பெரிய அதிகாரிகூடப் போட்டார்.

முத்திருளாயி முகம் கொடுத்தே பேசவில்லை. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பொம்பளைக ராத்திரிச் சோத்தை நிறுத்திட்டாக. தெரியுமா?"

"ஏன், அரிசி இல்லையா?"

"பொழுது சாய்ஞ்சா தண்ணிகூடக் குடிக்கிறதில்ல. வயித்தைக் கட்டிக்கிட்டுப் படுத்துக்கிறாக. முடியாதவ ஒத்தையில போறா. வெளிச்சம் இல்லாம, சத்தம் இல்லாம, ஓடைக்கு அந்தப் பக்கம் போறா. உங்க விசிலுக்குப் பயந்து."

பார்த்தீர்களா சார், சனம் எவ்வளவு பிடிவாதம்! வீட்டு வாசலில் ரோஸ் கலரில் கட்டிக் கொடுத்தும் ஓடை தாண்டிப் போகிறார்கள்.

இந்தச் சமயத்தில்தான் இராக்கு விசயம் நடந்தது.

இராக்கு எங்களுக்குப் பின் தெரு. கருவை விறகை எரித்துக் கரிமூட்டம் போடுகிற காசியின் பொண்டாட்டி. முத்திருளாயிக்கு உயிர். எப்போதும் டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் போகிறவள் அவள்தான். நல்ல வாயாடி. என்னைப் பார்த்தாலே, "என்ன மச்சான், தலைவி சொகமா?" என்று கேட்பாள். நான் சொகமா என்று கேட்க மாட்டாள். கிண்டல்.

அன்றைக்கு இருட்டோடு தனியாகப் போயிருக்கிறாள். ஓடை தாண்டி. கட்டுவிரியன். அது கடித்தால் அவ்வளவாக வலிக்காதாமே, சும்மா சுருக்கென்று இருக்குமாம். வீட்டுக்கு வந்து புருசனிடம், "முள்ளு குத்திருச்சு" என்று சொல்லியிருக்கிறாள். கருவக்காடு பக்கம் முள் குத்தாத கால் எங்கே இருக்கிறது? அவனும் சரி என்று கரிமூட்டத்துக்குப் போய்விட்டான். இவள் சோறாக்கியிருக்கிறாள். மகளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறாள். வெயில் ஏறுகிற நேரத்தில் கண் இமை தானாக மூடியிருக்கிறது. தூக்கம் வருகிறதென்று படுத்திருக்கிறாள்.

முத்திருளாயி எதற்கோ போனவள் பார்த்துவிட்டு அலறியிருக்கிறாள். இராக்குவுக்கு அப்போதே நாக்குக் குழறுகிறது. முத்திருளாயி காதை அவள் வாயருகே வைத்துக் கேட்டிருக்கிறாள். "பாம்பு, அக்கா. சொல்லிராதீக. ரேஷனை வெட்டிருவாக" என்றாளாம். ஆம்புலன்ஸ் வந்தது. ஏற்றினார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது.

எனக்கு வருத்தம் இல்லையா சார்? நானும் மனுசன்தான். மாலை போட்டேன். காரியத்துக்கு என் செலவில் பந்தல் போட்டேன். ஆனால் நியாயத்தைச் சொல்லுங்கள். பாம்புக்குத் திட்டம் தெரியுமா? டார்ச் எடுத்துக்கொண்டு போகாதே என்று யார் சொன்னது? வீட்டுக்கு வந்ததும் பாம்பு என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள், டாக்டரே சொன்னார். பொய் சொன்னாள். அந்தப் பொய்தான் சார் ஆளைக் கொன்றது. ஒரு மனுசன் எதை வேண்டுமானாலும் செய்யலாம், உண்மையை மட்டும் மறைக்கக் கூடாது.

அடுத்து கிராமசபைக் கூட்டம் வந்தது. எங்கள் ஊரில் யாரும் திறந்தவெளிக்குப் போவதில்லை என்று தீர்மானம் போட வேண்டும். அப்போதுதான் விருதுக்குப் பெயர் போகும். தீர்மானத்தை நான்தான் எழுதினேன். எப்போதும் நான் எழுதுவேன், அவள் வாசிப்பாள். இராக்கு செத்ததில் இருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, வாசிக்க மட்டும் செய்வாள் என்று நினைத்தேன்.

எழுந்து நின்றாள். தாளை மடித்து இடுப்பில் செருகினாள். அதிகாரி, வார்டு மெம்பர்கள், பள்ளிக்கூட வாத்தியார், எல்லாரும் இருக்கிறார்கள்.

"இந்த ஊருல யாரும் வெளிக்குப் போகலைன்னு எழுதியிருக்கு. இன்னைக்குக் காலையில நான் போனேன். ஓடைக்கு அந்தப் பக்கம், இராக்குவைக் கடிச்ச எடத்துக்குப் பக்கத்துலதான் போனேன்" என்றாள்.

அதிகாரி கீழே குனிந்து செருப்பைப் பார்க்கிறார். அவள் விடவில்லை. "வேற யாராச்சும் போனீகளா?" என்று கேட்டாள். முதலில் ஒரு கிழவி எழுந்தாள். அப்புறம் ஒருத்தி. அப்புறம் பொம்பளைகள் பக்கம் முழுக்க எழுந்து நின்றுவிட்டார்கள் சார். முக்காட்டைப் போட்டுக்கொண்டு. ஆம்பளைகளில் பாதிப் பேர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. விசில் குழுப் பையன்களின் அம்மாக்களும் நின்றார்கள். அதுதான் எனக்கு ரொம்பக் கேவலமாகப் போயிற்று.

அதிகாரி சமாளித்தார். தலைவி உடம்பு சரியில்லாமல் உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டார், அதையெல்லாம் மினிட் புத்தகத்தில் ஏற்ற வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டு டீ கொடுக்கச் சொன்னார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் கை லேசாகப் பட்டுவிட்டது. லேசாகத்தான். அவள் அழவில்லை. காசியிடம் போய்ப் பேசி இராக்குவின் மகளைக் கையில் பிடித்துக்கொண்டாள். கரிமூட்டத்தில் கிடக்கிறவன் பெண் பிள்ளையை எப்படி வளர்ப்பான் என்று அவனும் சரி சொல்லிவிட்டான். அப்படியே அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை சார். அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கேட்க மாட்டீர்கள்.

அவள் இல்லாமல் வீடு ஒரு மாதிரி இருக்கிறது, அது உண்மைதான். கடையில் வாங்கித்தான் சாப்பிடுகிறேன். அந்த டைல்ஸை யார் தேய்ப்பது? காலையில் போன் போட்டேன். "நாளைக்குக் குழு வருது, நான் வந்து கூட்டிட்டுப் போறேன், ரெடியா இரு" என்றேன். "ம்" என்றாள். அந்த ம்-மை வைத்து நான் என்ன என்று எடுத்துக்கொள்வது? இப்போது போய் உட்கார்ந்து, மாமியார் காலில் விழச் சொன்னாலும் விழுந்து, எப்படியாவது அந்த ஒரு சொல்லுக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் சார், உங்கள் வீட்டில்? சும்மா கேட்டேன்.

ஒரு நிமிசம். போன். அதிகாரிதான்.

"வணக்கங்க சார்... ஆமாங்க சார், பஸ்லதான் இருக்கேன், கூட்டியாரத்தான்... என்னங்க சார்?... வரலையா?... ஓ. ரோட்டோர ஊரு ரெண்டை மட்டும் பாத்துட்டு ஏர்போர்ட் போறாகளா... அப்போ நம்ம ஊரு?... போட்டோவை வச்சேவா! எந்த போட்டோங்க சார், அந்தக் கறுப்பு... எல்லாம் சேத்துத்தான். சரிங்க சார்... இல்ல, யாரும் பேச வேண்டாம்னா நல்லதுதானுங்களே... தலைவிக்கு உடம்பு முடியலைன்னு நானே மேடையில வாங்கிக்கிறேன்... ஆமாங்க, அதுவரைக்கும் அவுக அம்மா வீட்டுலயே இருக்கட்டும். நானும் அதைத்தான் நினைச்சேன். வந்தா வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டா... சரிங்க சார். சரிங்க சார். ரொம்ப நன்றிங்க சார்."

பாஸ் சார்! கேட்டீர்களா? ஊர் பாஸ். குழுவே வரவில்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்கப் போவதில்லை. கையைக் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்த ராசி.

இறங்குவதா? இப்போது எதற்கு? விழா முடியட்டும். அதற்குப் பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, பழம் பூ எல்லாம் வாங்கிக்கொண்டு முறையாகப் போய்க் கூட்டி வருகிறேன். இப்போது கூட்டிக்கொண்டு போனால் விருது வருகிற நேரத்தில் ஏதாவது பேசி வைப்பாள். இவ்வளவு நாள் இருந்தவளுக்கு இன்னும் கொஞ்ச நாள் என்ன? சாயல்குடிக்குப் போய், அங்கிருந்து வேறு பஸ் பிடித்துக்கொள்கிறேன்.

அதோ, ஒரு புளியமரம் தெரிகிறதே. அதுதான் விலக்கு.

என்ன சார், நிற்கிறாள். வெயிலில் வந்து நிற்கிறாள். நான் வீட்டுக்கு வருகிறேன் என்றுதானே சொன்னேன், எதற்கு ரோட்டுக்கு வந்தாள்? கையில் பை. அந்தப் பிள்ளையும் கூட நிற்கிறது, பள்ளிக்கூட யூனிபார்மில். பையோடு நிற்கிறாளே. முன் வாசலைப் பார்க்கிறாள், பின் வாசலைப் பார்க்கிறாள். நல்ல சேலைதான் கட்டியிருக்கிறாள்.

சார், தயவு செய்து கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள். ஆமாம், சன்னலை மறைத்த மாதிரி. நான் குனிந்துகொள்கிறேன். உங்களை அவளுக்குத் தெரியாது.

பார்க்கிறாளா? இன்னும் பார்க்கிறாளா சார்?

கண்டக்டர்! இங்கே இறங்க ஆள் இல்லை. ரைட் கொடுங்க.